குடுவைக்குப் படியளப்பவர் யார்?

2024 ஜூலை 23 அன்று தாக்கலான ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், ஆய்வகங்களுக்கென்று இறக்குமதியாகும் வேதிப்பொருள்களின் அடிப்படைச் சுங்கவரி 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்த்தப்பட்டிருந்தது. ஆய்வகப் பொருள் என்ற பெயரில் எத்தில் ஆல்கஹாலைக் குறைந்த வரியில் உள்ளே கொண்டுவருவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அதே தலைப்பின் கீழ்தான் வினையூக்கிகளும் நொதிகளும் தூய கரைப்பான்களும் நாட்டுக்குள் வருகின்றன. வேதியியல், உயிரியல் ஆய்வகங்கள் பதறின. விற்பனையாளர்கள் பழைய விலைப்பட்டியல்களை நிறுத்திவைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும், சொந்த ஆய்வுப் பயன்பாட்டுக்குத்தான் என்று உறுதியளித்து இறக்குமதி செய்வோருக்கு ஆகஸ்ட் 1 முதல் பழைய 10 விழுக்காடே திரும்பியது.

பத்து நாள்கூட நீடிக்காத அந்தக் குழப்பம் வேதியியல் எப்படிப்பட்ட படிப்பு என்பதைக் காட்டிவிட்டுப் போனது. கணித ஆய்வு மாணவருக்குத் தாளும் கணினியும் நல்ல நூலகமும் இருந்தால் பல மாதம் வேலை ஓடும். கரிம வேதியியல் மாணவர் காலையில் லேபுக்குள் நுழைந்து, ஒரு ரியாக்‌ஷன் போட்டு, மணிக்கொரு முறை டிஎல்சி பார்த்து, விளைபொருளைக் குரோமட்டோகிராஃபியில் பிரித்து, என்எம்ஆருக்குக் கொடுப்பதற்குள் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், சிலிக்கா ஜெல், டியூட்டரேற்றம் செய்த குளோரோஃபார்ம், ஆர்கான் வாயு என்று ஏதாவது ஒன்று தீர்ந்துகொண்டே இருக்கும். தோற்றுப்போகும் வினைகளுக்கும் இதே செலவுதான். தோற்றவைதான் அதிகம்.

ஆய்வு மாணவருக்கான ஆதரவு என்று நம் நாட்டில் யார் பேசினாலும் பேச்சு மாதத் தொகையில் தொடங்கி மாதத் தொகையில் முடிகிறது. அந்தத் தொகை முக்கியம். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடியவர்களுக்கு இன்றைய மாணவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் வேதியியல் மாணவரின் ஐந்தாண்டைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. அந்தப் பணம் எந்தத் தேதியில் வருகிறது என்பது ஒன்று. அவர் நிற்கும் மேசைக்கு, அவர் கையிலிருக்கும் குடுவைக்கு எவ்வளவு வருகிறது என்பது இன்னொன்று. இவை இரண்டும் இல்லாத இடத்தில் மாதத் தொகை ஓர் இளைஞரை லேபில் காத்திருக்க வைக்கிறதே தவிர, ஆய்வு செய்ய வைப்பதில்லை.

பெற்றவர்கள் திருப்பிக் கொடுத்த கதை

இந்திய வேதியியலின் தொடக்கமே உதவித்தொகையில்தான் இருக்கிறது. பிரபுல்ல சந்திர ராய் 1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ போனார். 1887-ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய பிறகும், ஹோப் பரிசு கிடைத்ததால் மேலும் ஓராண்டு அங்கேயே தங்கி ஆய்வு செய்ய முடிந்தது. திரும்பி வந்தவர், 60 வயதைக் கடந்த பிறகு தன் சம்பளத்தை எடுத்துக்கொள்ளாமல் கல்கத்தா பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே விட்டார். 1922-ல் நாகார்ஜுனர் பெயரில் வேதியியல் ஆய்வுக்கு ஒரு பரிசையும் நிறுவினார்.

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் தயாள் சிங் அறக்கட்டளையின் பணத்தில் கப்பலேறியவர். லண்டனில் வேதியியலாளர் டோனனிடம் ஆய்வு செய்தபோது பிரிட்டிஷ் அறிவியல் துறை ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. பின்னாளில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதில் வந்த சிக்கலைத் தீர்த்துக் கொடுத்ததற்காக ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம் ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அவர் அதைத் தன் பெயருக்கு வாங்காமல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குத் திருப்பிவிட்டார். 1942-ல் தொடங்கிய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின், அதாவது சிஎஸ்ஐஆரின், தலைமையை ஏற்றவரும் அவரே. இன்று நாட்டின் வேதியியல் ஆய்வு மாணவர்களில் பெரும்பகுதியினர் எழுதும் தேர்வு அந்த மன்றத்தின் பெயரில்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1953-ல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்கள் இன்று உலகெங்கும் மின்கல ஆய்வில் இருக்கிறார்கள். பட்நாகரும் ராயும் செட்டியாரும் மாணவருக்குச் சோற்றுக்கும் மேசைக்கும் சேர்த்தே சிந்தித்தார்கள் என்பது இந்தக் கொடைகளைப் பார்த்தாலே தெரியும்.

ஒரே லேபில் ஐந்து வருமானம்

இன்றைய ஏற்பாட்டின் அடித்தளம் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. ஆண்டுக்கு இருமுறை. வேதி அறிவியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி, 60 கேள்விகளில் 25-ஐத் தேர்ந்து எழுதும் மூன்றாம் பகுதிக்கு. இதில் மேல்தட்டில் வருபவர்களுக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைக்கிறது. சற்றுக் கீழே நிற்பவர்களுக்கு உதவிப் பேராசிரியர் ஆகும் தகுதி மட்டும் கிடைக்கும், பணம் கிடைக்காது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. தமிழ்வழியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து வந்த மாணவருக்கு இது கூடுதல் சுமை. அவர் முதுகலையில் ஆங்கிலத்தையும் பழகிக்கொண்டு, பயிற்சி மையத்தில் பணமும் கட்டி, இரண்டு மூன்று முறை எழுதித்தான் அந்தக் கோட்டைத் தாண்டுகிறார். 2024-ல் ஜூன் மாதத் தேர்வு நடப்பதற்குச் சில நாள் முன்பு தள்ளிவைக்கப்பட்டு ஜூலைக் கடைசியில் நடந்தது. ஜூலையில் சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்களில் சேரக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு மாதம் அரையாண்டாக நீண்டது.

ஜேஆர்எஃப் கிடைத்தவர் இன்று மாதம் 37,000 ரூபாய் பெறுகிறார். இரண்டாண்டு கழித்து முதுநிலை ஆய்வாளர், அதாவது எஸ்ஆர்எஃப், ஆனதும் 42,000. இதோடு நகரத்தின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி. முதுகலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம் இதே அளவில் தருகிறது. ஐஐடிகளில் கேட் அல்லது நெட் தகுதியோடு சேர்பவர்கள் நிறுவனத்தின் சொந்த உதவித்தொகையைப் பெற்று, பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் பாடத்துக்கும் செய்முறை வகுப்புக்கும் உதவுகிறார்கள். இவர்களுக்கு மேலே பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை. 2018-ல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் முதல் இரண்டாண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, பிறகு 80,000. ஐஐடி, ஐஐஎஸ்சி, ஐசர் போன்ற நிறுவனங்களில் இருப்பவர்களுக்கானது அது. மாநிலப் பல்கலைக்கழக லேபில் இருக்கும் மாணவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவருக்கு எட்டாது.

கீழே இறங்கினால் பேராசிரியரின் திட்ட நிதியில் வேலை செய்பவர்கள். 2020-ல் வந்த ஆணைப்படி நெட், கேட் உள்ள திட்ட உதவியாளருக்கு 31,000, இல்லாதவருக்கு 25,000. திட்டம் பொதுவாக மூன்றாண்டு, முனைவர் பட்டம் ஐந்தாண்டு. நடுவில் விழும் இரண்டாண்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அதற்கும் கீழே, மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேர்பவர்களுக்கான மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இதை நிறுத்த முடிவெடுத்தபோது டெல்லியில் அதன் அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். தொகை நிற்கவில்லை, ஆனால் உயரவும் இல்லை. பத்தாண்டுக்கு மேலாக அதே 8,000.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த 8,000-மும் உறுதியில்லை. முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கையில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. அவர்களில் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். மாநில அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையைத் தொடங்கி, தகுதித் தேர்வு வைத்து ஆள் எடுப்பது நல்ல முன்னெடுப்பு. இடங்கள்தான் குறைவு. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரும் திட்டமும் பலரைப் படிப்பில் நிறுத்திவைத்திருக்கிறது. கணக்குப் பார்த்தால் அது மாதத்துக்கு 8,333 ரூபாய். ஒன்றிய அரசு சிறுபான்மை மாணவர்களுக்கென்று நடத்திவந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. வேறு திட்டங்களோடு அது மேற்பொருந்துகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைகள் தொடர்கின்றன, ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு நெட் தேர்வே வாசலாகிவிட்டது. தேர்வில் கோட்டைவிட்டவரை ஏந்திக்கொள்ள இருந்த வலை அதனால் சுருங்கியிருக்கிறது.

கடைசியாக, எதுவுமே பெறாதவர்கள். சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வினைப்பொருள் வாங்குகிறார்கள், சனி ஞாயிறுகளில் லேபுக்கு வருகிறார்கள். ஒரே நெறியாளரிடம், ஒரே வகை மூலக்கூறுகளை உருவாக்கிக்கொண்டு, ஒரே தராசைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஒருவருக்கு மாதம் 42,000-மும் இன்னொருவருக்குச் சுழியமும் வருவது நம் லேப்களில் சாதாரணம். திறமையில் அவ்வளவு தூரம் இருப்பதாக எந்த நெறியாளரும் சொல்லமாட்டார்.

உயர்வு எப்படி வருகிறது

ஜேஆர்எஃப் 2010-ல் 16,000. 2014-ல் 25,000. 2019 ஜனவரியில் 31,000. 2023 ஜனவரி முதல் 37,000. முதல் உயர்வு 56 விழுக்காடு, அடுத்தது 24, அதற்கடுத்தது 19. ஒவ்வொரு முறையும் நான்கைந்து ஆண்டு காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடச் சிறிய விழுக்காடு. இவை தானாக வந்தவையும் இல்லை. 2019 ஜனவரி 16 அன்று டெல்லியில் ஊர்வலம் போன ஆய்வு மாணவர்கள் காவல்துறை வண்டியில் ஏற்றப்பட்டார்கள். அறிவிப்பு அந்த மாதக் கடைசியில் வந்தது.

அரசு ஊழியருக்கு ஆண்டில் இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. எந்தப் போராட்டமும் தேவைப்படாமல் ஒரு சூத்திரம் அதைப் பார்த்துக்கொள்கிறது. உதவித்தொகையையும் அந்தச் சூத்திரத்தோடு கட்டிவிடுவதில் கணக்கியல் சிக்கல் எதுவும் இல்லை. ஸ்வீடனில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். ஜெர்மனியில் வேதியியல் ஆய்வாளர் பலர் அரைப் பணியிடத்தில் அமர்த்தப்படுகிறார்கள், முழுநேரமும் உழைத்துப் பாதிச் சம்பளம் வாங்குவதாக அவர்களுக்கும் மனக்குறை உண்டு. ஆனால் ஊதிய ஒப்பந்தம் உயரும்போது அவர்கள் பங்கும் கூடவே உயர்கிறது.

தேதி

யுஜிசியின் உதவித்தொகை கனரா வங்கி வழியாக வருகிறது. மாணவர் அந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஓர் எழுத்தர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எழுத்தர் விடுப்பில் போனால், பதிவாளர் பதவி காலியாக இருந்தால், அந்த மாதத் தொகை நிற்கும். இரண்டாண்டு முடிந்து எஸ்ஆர்எஃப் ஆவதற்கு வெளி வல்லுநர் ஒருவர் உட்பட மூவர் குழு கூடி மதிப்பிட வேண்டும். அந்த வல்லுநருக்குத் தேதி ஒத்துவராததால் மாதக்கணக்கில் பழைய தொகையோ, அதுவும் இல்லாமலோ ஓட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2025-ல் இன்ஸ்பயர் மாணவர்கள் பலர் பல மாதங்களாகத் தொகை வரவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார்கள். இவர்கள் நாடு முதலிடம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த பிள்ளைகள். நிதி கையாளும் முறை மாறியதும் இதற்கு ஒரு காரணம். பணத்தை நிறுவனங்களின் கணக்கில் முன்கூட்டியே போடாமல், செலவாகும் நேரத்தில் கருவூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சுழிய இருப்புக் கணக்குகள் வந்தன. அரசுப் பணம் வங்கிகளில் சும்மா கிடக்கக் கூடாது என்பது நியாயமான எண்ணம். ஆனால் மார்ச் 31-க்குள் செலவழியாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடுகிறது, புதிய ஆண்டின் ஒதுக்கீடு வந்து சேரப் பல வாரம் ஆகிறது. ஏப்ரலும் மே மாதமும் லேபில் வறட்சிக் காலம்.

பண்ருட்டியிலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ சென்னைக்கு வந்து வாடகை அறையில் தங்கும் மாணவருக்கு ஆறு மாதத் தாமதம் என்றால் என்ன? மெஸ் பாக்கி, நண்பரிடம் கைமாற்று, வீட்டில் நகை அடகு. மொத்தமாக நிலுவை வந்து சேரும்போது அதில் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தத் தாமதம் படிப்பை விடுவதற்கான காரணமாகிறது. 37,000 என்ற எண்ணை 40,000 ஆக்குவதைவிட, அதே 37,000-த்தை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கணக்கில் போடுவது பெரிய உதவி. இதற்குப் புதிய நிதி ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.

மேசை

இனி நான் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன்.

சிஎஸ்ஐஆர் தன் மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதரச் செலவு நிதி தருகிறது. யுஜிசி அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு 12,000, அதன்பின் 25,000 தருகிறது. மாணவர்கள் இதைக் கன்டின்ஜென்சி என்பார்கள். வேதிப்பொருள், தட்டச்சு, அச்சு, கருத்தரங்கப் பயணம் எல்லாம் இதற்குள். 12,000 என்றால் மாதம் 1,000 ரூபாய். பலேடியம் வினையூக்கி ஒரு சிறு குப்பி, டியூட்டரேற்றம் செய்த கரைப்பான் ஒன்றிரண்டு வாங்கினால் ஓர் ஆண்டின் ஒதுக்கீடு முடிந்துவிடும். பிரதமர் உதவித்தொகை பெறுபவருக்கோ ஆய்வுச் செலவுக்கென்று ஆண்டுக்கு 2 லட்சம். மாதத் தொகையில் யுஜிசி மாணவருக்கும் இவருக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடுதான். மேசைப் பணத்தில் அது முதல் இரண்டாண்டில் பதினாறு மடங்கைத் தாண்டுகிறது. இரண்டாம் எண்ணைப் பற்றி யாரும் ஊர்வலம் போனதில்லை.

மீதிச் செலவை நெறியாளரின் திட்ட நிதி ஏற்கும் என்பது ஏற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை. ஐஐடியிலும் தேசிய ஆய்வகங்களிலும் அது ஓரளவு உண்மை. மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்குத் திட்டம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அதன் வாங்கும் சக்தி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18-ல் விலக்கப்பட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18 விழுக்காடு. திட்டத் தொகை அதே அளவில் இருக்க, அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வரியாகவே திரும்பிப் போகிறது.

வாங்கும் விதிகளின் கதை தனி. அரசின் இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தால், குறிப்பிட்ட தூய்மையில் தேவைப்படும் வேதிப்பொருளுக்குப் பதிலாக விலை குறைந்த ஏதோ ஒன்று வந்து சேர்ந்து, வினை நடக்காமல் போன அனுபவம் எந்த லேபிலும் கேட்கலாம். 2025 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம் இதைத் தளர்த்தியது. ஆய்வு நிறுவனத் தலைவர்கள் அந்தச் சந்தைக்கு வெளியேயும் வாங்கலாம், ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகும் என்று ஆணை வந்தது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்ட சீர்திருத்தம் இது, மனதார வரவேற்க வேண்டியது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் தங்கள் சொந்த நிதி விதிகளுக்கும் உட்பட்டவை. இதே தளர்வை மாநில அரசும் ஆய்வுப் பொருள்களுக்குத் தர வேண்டும்.

கருவிகளை எடுத்துக்கொள்வோம். புதிதாக உருவாக்கிய சேர்மம் இன்னதுதான் என்று நிறுவ என்எம்ஆர், நிறை நிறமாலை, படிகமானால் ஒற்றைப்படிக எக்ஸ்-கதிர் ஆய்வு வேண்டும். எல்லாத் துறைகளிலும் இவற்றை வைக்க முடியாது. அதற்காகவே ஒன்றிய அரசு வட்டார அளவில் பொதுக் கருவி மையங்களை அமைத்தது. சென்னை ஐஐடியில் இருக்கும் மையம் பல தலைமுறைத் தமிழ்நாட்டு வேதியியலாளர்களுக்கு அடையாளச் சான்று கொடுத்த இடம். திருநெல்வேலியிலோ திண்டுக்கல்லிலோ ஆய்வு செய்பவர் மாதிரியைக் குப்பியில் அடைத்து, கட்டணம் கட்டி, முறைக்குக் காத்திருக்கிறார். காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் சேர்மமாக இருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். ஆகவே அந்த மாணவர் கெடாத சேர்மங்களையே தேர்ந்தெடுக்கிறார், எளிய வினைகளையே செய்கிறார். அவருடைய ஆய்வுத் தலைப்பைப் பாதி அளவுக்குத் தீர்மானித்தது பேருந்துக் கட்டணமும் மாதிரிக் கட்டணமும்தான். மாநிலக் கல்லூரி லேப்களிலிருந்து துணிச்சலான வேதியியல் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாசல் அண்மையில் நன்றாகத் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில், மாநில அரசு நிறுவனங்கள் உட்பட 6,300 அரசு நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. வேலூரில் ஓர் அரசுக் கல்லூரி மாணவர் அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழை இன்று முறையாகப் படிக்கலாம். படித்த வினையைச் செய்து பார்க்கத்தான் குடுவையில் போட ஒன்றுமில்லை. இதழுக்கு நாடு தழுவிய ஏற்பாடு சாத்தியமானால் கரைப்பானுக்கும் சாத்தியமே.

உடம்பு

வேதியியல் மாணவரின் ஆதரவில் உடல்நலமும் அடக்கம். புகைப்போக்கிப் பெட்டி இழுக்காத லேபில் டைகுளோரோமீத்தேன் ஆவியை ஐந்தாண்டு சுவாசிப்பவருக்கு உதவித்தொகை ஈடாகாது. கையுறை, கண்ணாடி, கழிவுக் கரைப்பான் அகற்றும் செலவு ஆகியவை பல துறைகளில் யார் தலையிலும் இல்லாமல் மாணவரின் கன்டின்ஜென்சிக்குள் நுழைகின்றன. விபத்து நேர்ந்தால் அவர் ஊழியரும் இல்லை, விடுதி மாணவருக்கான சிறு காப்பீடு இருந்தால் உண்டு.

பெண் மாணவர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. யுஜிசியின் 2022 விதிமுறை 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், பெண்களுக்குப் பட்ட காலத்தில் இரண்டாண்டு கூடுதலும் தருகிறது. ஆனால் டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பான்கள் கருவைப் பாதிக்கக்கூடியவை என்று வகைப்படுத்தப்பட்டவை. கருவுற்ற மாணவர் விடுப்பு எடுப்பதற்கு முந்தைய மாதங்களில் என்ன செய்வது? மேசையை விட்டு விலகி, கணினி வழிக் கணக்கீட்டையோ கட்டுரை எழுதுவதையோ தொடர வழி வேண்டும், அந்தக் காலத்தில் தொகை நிற்கக் கூடாது, அவருடைய வினைகளைத் தொடர ஓர் உதவியாளர் வேண்டும். விதிமுறையில் இதற்கு ஒரு வரி இல்லை. பல பெண்கள் சொல்லாமல் மறைத்து வேலை செய்கிறார்கள், அல்லது ஆய்வையே விட்டுவிடுகிறார்கள்.

செய்முறை வகுப்பில் இருக்கும் பணம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் முனைவர் பட்ட மாணவர் பொதுவாகக் கட்டணம் கட்டுவதில்லை, மாதத் தொகையும் பெறுகிறார். அரசு உதவித்தொகை கிடைத்தவர் சிலரே. மற்றவர்களைத் தாங்குவது இளங்கலைச் செய்முறை வகுப்பு. பொறியியல், மருத்துவம், உயிரியல் என்று எதைப் படிக்க வந்தாலும் முதலாண்டில் வேதியியல் செய்முறை உண்டு. அத்தனை வகுப்புகளுக்கும் கண்காணிக்க ஆள் வேண்டும். அந்த வேலையை ஆய்வு மாணவர்களுக்குக் கொடுத்து அதற்கு ஊதியம் தருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் செய்முறை வகுப்புக்குப் பஞ்சமில்லை. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள், அவற்றில் உப்புப் பகுப்பாய்வும் தரம்பார்த்தலும் செய்யும் ஆயிரக்கணக்கான மாணவர்கள். பல்கலைக்கழகத் துறைகளில் எம்.எஸ்சி. செய்முறைகளை இன்றும் ஆய்வு மாணவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல், நெறியாளர் சொன்னார் என்பதற்காக. இந்த உழைப்பை ஆணையாக்கி, வாரத்துக்கு இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு என்று ஊதியம் வைத்தால் உதவித்தொகை இல்லாத மாணவருக்கு ஒரு நிலையான வருமானம் பிறக்கும், கல்லூரி மாணவருக்கும் அருகில் நின்று சொல்லித்தர ஆள் கிடைக்கும். 2022 விதிமுறையே ஆய்வு மாணவர்கள் வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் பணி செய்யலாம் என்கிறது. ஊதியத்தை மட்டும் அது சொல்லவில்லை.

தொழில்துறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் நடந்திருப்பது சுருக்கமானதே. பாதித் தொகையை நிறுவனமும் பாதியை அரசும் தரும் முனைவர் பட்டத் திட்டம் 2012 முதல் இருக்கிறது, அளவில் சிறியது. 2019 முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பொதுத்துறை ஆய்வு நிறுவனங்களுக்குத் தரலாம். 2023-ல் சட்டமான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்தாண்டில் 50,000 கோடி திரட்டுவதாகவும் அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றும் கணக்கிட்டது. மணலியிலும் கடலூரிலும் ராணிப்பேட்டையிலும் தூத்துக்குடியிலும் வேதித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அருகிலுள்ள பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு ஒரு கரைப்பான் மீள்வடிப்பு அலகு, ஓர் என்எம்ஆர் பராமரிப்பு ஒப்பந்தம் என்று அவை கொடுத்தால் ஐம்பது மாணவர்களின் ஆய்வு நகரும்.

நான் முன்வைக்கும் கோரிக்கை மாநில அரசுக்கானது, ஏனெனில் கைவிடப்பட்டிருக்கும் மாணவர்கள் மாநிலத்தின் மாணவர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் முழுநேரமாகப் பதிந்த ஒவ்வொரு வேதியியல் ஆய்வு மாணவர் பெயரிலும், அவருக்கு வேறு உதவித்தொகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் மேசை நிதி ஒதுக்கட்டும். ஆயிரம் மாணவர் என்று வைத்தால் 10 கோடி. அது நெறியாளரின் திட்டத்தில் கலக்காமல், மாணவர் பெயருக்குத் தனிக் கணக்காகத் துறையில் இருக்கட்டும். மார்ச் 31-ல் தீராத மிச்சம் திரும்பிப் போகாமல் மாணவர் பட்டம் முடிக்கும் வரை தொடரட்டும். வேதிப்பொருள், மாதிரிக் கட்டணம், கையுறை, கழிவகற்றல் ஆகியவற்றுக்கு மட்டுமே செலவிடலாம் என்று வரம்பும் வைக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு கூடி மாணவரின் முன்னேற்றத்தைக் கேட்கிறதே, அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இரண்டாவது இனமாக இந்தக் கணக்கும் வரட்டும்: என்ன வாங்கப்பட்டது, எது இன்னும் வந்து சேரவில்லை, எத்தனை நாளாக எந்த வினை எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுக் குறிப்பில் எழுதட்டும்.